கொழும்பிலிருந்து ஒரே நாளில் சிகிரியா, தம்புள்ளை, கண்டி: முதன்முறை வருகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். கொழும்பிலிருந்து சிகிரியாப் பாறைக்கோட்டையின் அடிவாரத்துக்கு வாகனத்தில் போக நான்கு மணித்தியாலம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்து, "170 கிலோமீட்டர்தானே, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம்" என்று கணக்குப் போடுவார்கள். அந்த நாற்கரச் சாலைக் கணக்கு இங்கே செல்லாது. பாதி வழிக்கு மேல் ஊர்களுக்கு நடுவே ஓடும் இருவழிப் பாதை. முச்சக்கரவண்டி, பாடசாலைப் பிள்ளைகள், மரக்கறி லொறி எல்லாம் அதே றோட்டில்தான்.

அதனால் இந்தப் பயணத்துக்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான்: காலை எட்டு மணிக்கு முன் குன்றின் அடியில் நிற்க வேண்டும். அது சரிவந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரிவரும். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வெயிலில் ஏறி, பசியோடு இறங்கி, தம்புள்ளைக் குகைக் கோயிலை ஓட்டமாகப் பார்த்து, கண்டியில் கதவடைத்த பிறகு போய் நிற்பீர்கள்.

எந்த நாள்?

செவ்வாய், புதன், வியாழன் நல்லது. சனி ஞாயிறிலும் பாடசாலை விடுமுறையிலும் சிகிரியாவின் ஒடுங்கிய படிகளில் வரிசை அசையாது. போயா நாள், அதாவது பௌர்ணமி, நாடு முழுக்க விடுமுறை. விகாரைகள் நிரம்பி வழியும், இறைச்சியும் மதுவும் விற்கமாட்டார்கள். கூட்டத்தையே பார்க்க வருகிறவர்களுக்கு அது நல்ல நாள், மற்றவர்களுக்கு இல்லை. ஆடி, ஆவணியில் கண்டிப் பெரஹரா ஊர்வலம் நடக்கும் நாட்களில் மாலையில் நகருக்குள் வாகனம் விடமாட்டார்கள். அந்தக் கிழமை கண்டியை விட்டுவிடுங்கள்.

சிகிரியா இருப்பது உலர் வலயம். தை தொடக்கம் சித்திரை வரை வானம் தெளிவு. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று பலமாக வீசும், குன்றின் மேல் தொப்பி நிற்காது. கார்த்திகை, மார்கழியில் மழை. ஆனால் மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு இலாபம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வாகனமும் வழிகாட்டியும்

கூட்டாகப் போகும் சுற்றுலா பஸ்ஸில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிப் போகலாம். இரண்டு பேருக்கு அது மலிவு. ஆனால் அந்த பஸ் கொழும்பில் ஒவ்வொரு ஹோட்டலாகப் போய் ஆளேற்றும். நீங்கள் நான்கு மணிக்கே ஆயத்தமாக இருந்தாலும் நகரத்தை விட்டு வெளியேற ஆறு மணியாகும். மூன்று பேருக்கு மேல் இருந்தால் தனிக் கார் அல்லது வான் பிடிப்பதே சரி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் பேசும் சாரதிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தங்கியிருக்கும் வீட்டுக்காரரையோ பக்கத்துக் கடைக்காரரையோ கேட்டாலே நம்பர் தருவார்கள்.

விலை பேசும்போது எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் போதும்: "அண்ணா, சிகிரியா, தம்புள்ளை, கண்டி ஒரு நாள் ஹயர். நாலு பேர். விடிய நாலு மணிக்கு வெள்ளவத்தையில் ஏற வேணும். ஹைவே காசு, பார்க்கிங், உங்கட சாப்பாடு எல்லாம் சேர்த்து எவ்வளவு? கிலோமீட்டர் கணக்கு இருக்கா? கடைகளுக்குப் போகத் தேவையில்லை."

அந்தக் கடைசி வரி முக்கியம். மாத்தளைப் பக்கம் வாசனைத் திரவியத் தோட்டம், கண்டியில் இரத்தினக்கல் கடை, பத்திக் (batik) துணிக் கடை என்று ஒவ்வொன்றாக நிறுத்துவது இந்தத் தொழிலில் வழக்கம். நீங்கள் வாங்கும் சாமானில் சாரதிக்குக் கொமிஷன் உண்டு. அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அவருடைய நாட்கூலியில் அதுவும் ஒரு பங்கு. ஆனால் ஒரு தோட்டத்தில் முக்கால் மணித்தியாலம் போய்விடும். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லி, நாள் முடிவில் சந்தோஷமாக ஏதாவது கொடுத்துவிட்டால் இரு பக்கமும் நல்லது.

சாரதி வேறு, வழிகாட்டி வேறு. வாகனமும் ஓட்டி விளக்கமும் சொல்ல அனுமதிப்பத்திரம் பெற்ற சாரதி வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அட்டை கழுத்தில் தொங்கும். அட்டை இல்லாதவர் நல்ல சாரதியாக இருக்கலாம், ஆனால் வழிகாட்டிக்குரிய காசை அவருக்குக் கொடுக்கத் தேவையில்லை. சிகிரியா வாசலிலும் அட்டையுள்ள உள்ளூர் வழிகாட்டிகள் நிற்பார்கள். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் கொழும்பிலேயே கேட்டு ஒழுங்குபடுத்துங்கள், அங்கே போய்த் தேடினால் கிடைப்பது அதிர்ஷ்டம்.

வழிகாட்டி கட்டாயமா? சிகிரியாவில் கண்ணாடிச் சுவர் வரைக்கும் பயன் உண்டு, அதற்கு மேல் கால்தான் வேலை செய்ய வேண்டும். தம்புள்ளையில்தான் உண்மையில் ஆள் வேண்டும். ஐந்து குகையும் அரையிருட்டில் ஒன்றுபோலவே தெரியும். யாரும் சொல்லித்தராவிட்டால் இருபது நிமிடத்தில் பார்த்துவிட்டு இறங்கிவிடுவீர்கள்.

கடவுச்சீட்டும் காசும்

வருவதற்கு முன் இணையத்தில் இலங்கைக்கான ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியை எடுத்துவிடுங்கள். அரசின் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் உண்டு, முகவரியைப் பார்த்து நிரப்புங்கள்.

பயணத்தன்று மூலக் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். சிகிரியாவில் வெளிநாட்டவர் கட்டணம் 30 டொலரைத் தாண்டும், ஆனால் இந்தியா உட்பட சார்க் நாட்டவர்களுக்குக் குறைவு. கடவுச்சீட்டைக் காட்டினால்தான் அந்தச் சலுகை. தொலைபேசியில் இருக்கும் படத்தைக் கவுண்டரில் இருப்பவர் ஏற்றுக்கொள்வாரோ மாட்டாரோ, அது அவர் மனம். ஒரே குடும்பத்தில் திருச்சி மாமாவுக்கு ஒரு விலை, கனடா கடவுச்சீட்டு வைத்திருக்கும் மருமகளுக்கு இன்னொரு விலை, கொழும்பு அத்தைக்கு அடையாள அட்டையைக் காட்டினால் மிகச் சிறிய தொகை. ஒரே வரிசையில் நின்று மூன்று விலைக்குச் சீட்டு வாங்குவதைப் பார்த்துச் சண்டை பிடிக்காதீர்கள், அதுதான் முறை. சீட்டை மத்திய கலாசார நிதியத்தின் இணையத்தளத்திலும் வாங்கலாம். விலை அடிக்கடி மாறுவதால் போகும் கிழமை அங்கே ஒருமுறை பாருங்கள்.

2024 பெப்ரவரியிலிருந்து இந்திய யூபிஐ இலங்கையிலும் வேலை செய்கிறது. கொழும்புக் கடைகளில் சரி, தம்புள்ளை இளநீர்க்காரரிடம் அதை நம்பிப் போகாதீர்கள். சில்லறையாக ரூபாய் வைத்திருங்கள்.

நான்கு மணிக்குப் புறப்படுவது

வெள்ளவத்தையில் நான்கு மணிக்கு ஏறினால் நகரத்தை அரை மணித்தியாலத்தில் கடந்துவிடலாம். ஆறு மணிக்கு ஏறினால் அதே தூரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். பிறகு இரண்டு வழி. கண்டி வீதியில் வறக்காப்பொல வழியாக அம்பேபுஸ்ஸ சென்று, அங்கே இடப்பக்கம் பிரியும் குருநாகல் வீதியைப் பிடிப்பது பழைய வழி. மீரிகமவில் ஏறி குருநாகலில் இறங்கும் அதிவேகப் பாதை 2022இல் திறக்கப்பட்டது. அதில் போனால் நேரம் மிச்சம், சிறு கட்டணம். சாரதி எந்தப் பக்கத்துக்காரர் என்பதைப் பொறுத்து வழியும் மாறும். அதை அவரிடமே விடுங்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு குருநாகலைத் தாண்டி நிறுத்துங்கள். இடியப்பம், பருப்பு, சம்பல் எங்கும் கிடைக்கும். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிங்களக் கடைகளில் தேங்காய்ச் சம்பலிலும் கட்டச் சம்பலிலும் மாசிக் கருவாடு போடுவார்கள். பார்த்தால் தெரியாது, சின்னச் சின்னத் துகளாக இருக்கும். சில இடங்களில் கீரை மல்லுமிலும் உண்டு. "சைவமா?" என்று பொதுவாகக் கேட்டால் இறைச்சி இல்லை என்ற அர்த்தத்தில் தலையாட்டுவார்கள். மாசி இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். வெள்ளவத்தைச் சைவக்கடையில் முதல்நாள் இரவே பார்சல் கட்டி எடுத்துக்கொள்வது அதைவிட நிம்மதி.

இனாமலுவைச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் சிகிரியா. அந்தப் பாதையில் யானை நின்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள். வாழைப்பழத்தோடு இறங்குகிறவர்களும் உண்டு, நீங்கள் அவர்களில் ஒருவராக வேண்டாம்.

கோட்டை

கோட்டை என்றால் மதிலும் கொத்தளமும் எதிர்பார்ப்போம். இங்கே சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் செங்குத்தாக எழும்பிய ஒற்றைப் பாறை, அதன் உச்சியில் அரண்மனை. கட்டியவன் காசியப்பன், 477 முதல் 495 வரை ஆண்டவன். தகப்பன் தாதுசேனனைப் பிடித்து வைத்துப் புதையல் எங்கே என்று கேட்டபோது, அவர் தான் கட்டிய கலாவெவக் குளத்துக்குப் போய் நீரைக் கையில் அள்ளி, என்னிடம் உள்ள செல்வம் இவ்வளவுதான் என்றாராம். மகன் அவரைச் சுவரோடு வைத்துக் கட்டிக் கொன்றான் என்கிறது சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல். பட்டத்துக்கு உரிய தம்பி முகலன் தென்னிந்தியாவுக்குத் தப்பி வந்து, பதினெட்டு வருடம் கழித்துப் படையோடு திரும்பினான். போர்க்களத்தில் சதுப்பு நிலத்தைக் கண்டு காசியப்பனின் யானை திரும்ப, அரசன் பின்வாங்குகிறான் என்று நினைத்துப் படை ஓட, காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். ஏறுவதற்கு முன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். படிகளை எண்ணிச் சலிக்காமல் வருவார்கள்.

படிகள் ஆயிரத்து இருநூறு அளவில். ஆனால் தொடக்கத்தில் முழுக்கச் சமதளம்: அகழி, பிறகு இருபக்கமும் ஒரே அளவில் அமைந்த நீர்த்தோட்டங்கள். மழைக்காலத்து இலாபம் என்று சொன்னது இங்கேதான். துளையிட்ட வட்டக் கற்கள் சில தரையில் தெரியும். அவை 5ஆம் நூற்றாண்டு நீரூற்றுகள். நிலத்தடிக் கால்வாயில் நீர் ஏறினால் இன்றைக்கும் அவற்றிலிருந்து தண்ணீர் கொப்பளிக்கும். மோட்டார் ஒன்றும் இல்லை, மட்ட வித்தியாசத்தின் அழுத்தம்தான்.

பாறைத் தோட்டத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். இரும்புச் சுழல்படியில் ஏறினால் ஓவியங்கள். இருபதுக்குச் சற்று மேற்பட்ட பெண்ணுருவங்கள்தான் எஞ்சியிருக்கின்றன. 1967இல் யாரோ பெயின்ட் வீசிக் கெடுத்ததைச் சிரமப்பட்டுச் சீராக்கினார்கள். படம் பிடிக்கக் கூடாது, காவலர் பார்த்துக்கொண்டே இருப்பார். எல்லோரும் ஓவியத்துக்கு இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். நீங்கள் கைகளைப் பாருங்கள். பூவைப் பிடித்த விரலை ஓவியன் ஒருமுறை வரைந்து, பிடிக்காமல் மாற்றிய கோடு ஒன்றிரண்டு இடத்தில் அப்படியே தெரியும்.

கீழே கண்ணாடிச் சுவர். சுண்ணச் சாந்து பூசி, முகம் தெரியும்படி மெருகேற்றிய சுவர். 8ஆம், 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஓவியங்களைப் பார்க்க வந்த பயணிகள் அதில் கவிதை கீறி வைத்துவிட்டுப் போனார்கள். கல்வெட்டறிஞர் செனரத் பரணவிதான 685 பாடல்களைப் படித்து 1956இல் வெளியிட்டார். படைவீரர், பிக்கு, பெண்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னும் சுற்றுலாப் பயணிக்குச் சுவரைக் கண்டால் கை சும்மா இருக்கவில்லை. இன்றைக்கு அதைத் தொட்டாலே விசில் ஊதுவார்கள். பெயர் கீறினால் வழக்கு.

அதற்கு மேல் சிங்கப் பாத மேடை. ஒருகாலத்தில் சிங்கத்தின் வாய்க்குள் நுழைந்து ஏறும்படி வாசல் இருந்தது. இப்போது இரண்டு பாதங்கள் மட்டும் மிச்சம். இங்கே பாறையில் பெரிய தேனீக் கூடுகள் தொங்கும். சத்தம் போடாதீர்கள் என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்கு இல்லை. கூடு கலைந்தால் ஓடி ஒளிய வலைக்கூண்டு வைத்திருக்கிறார்கள். வாசனைத் தைலம் பூசாமல் வாருங்கள். உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் இந்த மேடையிலேயே நின்றுவிடலாம். கடைசி இரும்புப் படிகள் பாறையின் பக்கவாட்டில் வெறும் வெளியில் தொங்குகின்றன. மேடை வரை வந்தாலே முக்கால்வாசி பார்த்தாயிற்று.

வயதானவர்களைக் கண்டால் கையைப் பிடித்து ஏற்றிவிட ஆட்கள் வருவார்கள். கேளாமலே உதவி, மேலே போனதும் பெரிய தொகை. வேண்டாம் என்றால் முதல் படியிலேயே சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஒரு லீட்டர் தண்ணீர் வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள், உச்சியில் கடை இல்லை. தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டால் குரங்குக்குத்தான். ஏறி இறங்க இரண்டரை மணித்தியாலம். அருங்காட்சியகமும் அதே சீட்டில்தான், நேரமிருந்தால் பாருங்கள்.

குகைகள்

அங்கிருந்து தம்புள்ளை அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. பெரிய பொன்னிறப் புத்தரைக் கண்டதும் பலர் இறங்கி ஏறத் தொடங்கிவிடுவார்கள். முதலில் சீட்டுக் கவுண்டருக்கு விடச் சொல்லுங்கள். இது கோயில் நிர்வாகத்தின் சீட்டு, சிகிரியாச் சீட்டு செல்லாது. சீட்டில்லாமல் மேலே போனால் முந்நூறுக்கு மேற்பட்ட படியை மறுபடி இறங்கி ஏற வேண்டும்.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக் காற்சட்டை போட்டவர்கள் ஒரு சாரத்தை (லுங்கியை) பையில் வைத்திருங்கள். செருப்பை வாசலில் சிறு காசுக்குப் பார்த்துக்கொள்வார்கள். நண்பகலில் அந்தப் பாறை முற்றம் தோசைக்கல்தான். ஒரு சோடி காலுறை கொண்டுவந்தவர்கள் மட்டும் நிதானமாக நடப்பார்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது இங்கே பெரிய அவமதிப்பு. உடம்பில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள், அதற்காக நாட்டை விட்டே அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

இந்தக் குகைகளின் கதையில் நாமும் இருக்கிறோம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் தமிழ்ப் படைத்தலைவர்கள் அநுராதபுரத்தைப் பிடித்தபோது, தப்பியோடிய வலகம்பா மன்னன் பதினான்கு வருடம் ஒளிந்திருந்த இடங்களில் இதுவும் ஒன்று என்பது மரபு. ஆட்சியை மீட்டதும் நன்றிக்குக் கோயிலாக்கினான். 12ஆம் நூற்றாண்டில் நிஸ்ஸங்க மல்லன் பொன்பூசினான். இன்று நாம் பார்க்கும் ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தவை. அவன் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தவன், சைவனாகப் பிறந்து கண்டியை ஆண்டவன். மூன்றாம் குகையில் அவனுடைய சிலை நிற்கிறது.

முதற்குகையில் ஒரே பாறையில் செதுக்கிய 14 மீட்டர் சயனப் புத்தர். இரண்டாவதுதான் பெரியது, நேரத்தை அங்கே செலவிடுங்கள். சுவரிலிருந்து கூரைக்கு ஓவியம் இடைவெளியில்லாமல் ஏறுகிறது. பாறையின் மேடுபள்ளத்தை மறைக்காமல் அதன் மேலேயே தீட்டியிருப்பதால் கூரையில் துணிப்பந்தல் கட்டியது போலத் தோன்றும். ஒரு மூலையில் கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பாத்திரத்தில் பிடிக்கிறார்கள், பூசைக்கு அந்த நீர்தான். வெளிச்சத்திலிருந்து நுழைந்ததும் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிய பிறகுதான் நிறங்கள் வரும். விஷ்ணுவும் அங்கே இருக்கிறார். நம்மவர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

கண்டிக்குப் போவதா?

தம்புள்ளையில் ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடித்திருந்தால் போகலாம். இரண்டரை ஆகியிருந்தால் வந்த வழியே திரும்புங்கள், மனத்தாங்கல் வேண்டாம். சிறுபிள்ளைகளோடு வந்தவர்களுக்கு நான் கண்டியைச் சொல்லமாட்டேன்.

மாத்தளை வழியாக 72 கிலோமீட்டர், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். வழியில் நாலந்த கெடிகே என்றொரு கற்கோயில் பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. பல்லவர் பாணிக் கட்டடத்தில் பௌத்தமும் இந்து மரபும் கலந்திருக்கும். மகாவலித் திட்ட நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி கட்டினார்கள். மாமல்லபுரத்தைப் பார்த்தவர்களுக்குப் பழகிய முகம் தெரியும். கால் மணித்தியாலம் போதும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியோரமே. மதியம் நடை சாத்தியிருந்தால் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

கண்டியில் புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையின் மாலைப் பூசை ஆறரைக்கு. ஐந்தரைக்கே வரிசையில் நிற்க வேண்டும். பையையும் உடம்பையும் சோதிப்பார்கள், வெள்ளை அல்லது வெளிர்நிற உடை நல்லது. மேளம் தொடங்கினால் மேல்மாடியில் நெரிசல் கூடும், பேழையை ஒரு கணம்தான் பார்க்க விடுவார்கள். பக்கத்து அரண்மனையில் இருந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் பிரித்தானியர் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரில் அவனுடைய கல்லறையைப் பார்த்திருப்பீர்கள்.

திரும்புவது

கண்டியிலிருந்து கொழும்பு 115 கிலோமீட்டர். பேராதனையில் மாலை நெரிசல், கடுகண்ணாவையில் வளைந்திறங்கும் பாதை. ஏழேகாலுக்குப் புறப்பட்டால் பத்தரை, பதினொன்றுக்கு வெள்ளவத்தை. வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் இருக்கட்டும். சாரதி விடியமுன் எழும்பியவர் என்பதை மறக்காதீர்கள். கேகாலைப் பக்கம் நிறுத்தி அவரையும் கூட்டிப்போய் ஒரு பிளேன்டீ குடியுங்கள். கண் சொருகுகிறது என்றால் கால் மணித்தியாலம் தூங்கச் சொல்லுங்கள், பரவாயில்லை.

மறுநாள் விடிய விமானமென்றால் கொழும்புக்குத் திரும்புவதே வீண். விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில், கொழும்புக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்கு மேல். பெட்டிகளைக் காலையிலேயே வானில் ஏற்றிக்கொண்டு, நீர்கொழும்பில் அறை போட்டு, கண்டியிலிருந்து நேராக அங்கே இறக்கிவிடச் சொல்லுங்கள். இதையும் விலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். இரவு பத்து மணிக்குச் சொன்னால் புதுக்கணக்கு வரும்.